டிஷ்காரர் பதில்கள்: ஆள் பார்க்காத தாயத்து

போன இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது பேச்சுவாக்கில் ‘ஜாக்கி சான்’ கார்ட்டூனில் வரும் தாயத்துகளைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டேன். வந்தது வினை. இந்த மாதம் தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் வந்ததில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். மிச்சத்தில் சிலர் ‘அவதார்’ தொடரையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். சரி, ‘சிக்னல் வரவில்லை’, ‘ரிமோட் வேலை செய்யவில்லை’ கேள்விகளுக்கு இந்த முறை லீவு.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் தலவாக்கலைக்காரன். பன்னிரண்டு வருடம் தேயிலைத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி டிஷ் பூட்டியவன். எந்த லயத்துப் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுப்) பிள்ளைகள் எந்த நேரம் என்ன பார்த்தார்கள் என்று அவர்களைப் பெற்றவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். கார்ட்டூன் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி அவ்வளவுதான்.

மஸ்கெலியாவிலிருந்து ஓர் ஏ.எல். மாணவர்: ‘ஜாக்கி சான்’ தொடரில் தாயத்து நல்லவன் கையிலும் வேலை செய்கிறது, திருடன் கையிலும் வேலை செய்கிறது. நல்லவர்களுக்கு மட்டும்தான் வேலை செய்யும் என்று வைத்திருந்தால் என்ன, அண்ணே?

வைத்திருந்தால் முதல் நாளே கதை முடிந்திருக்கும், தம்பி. ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 2000 முதல் 2005 வரை 95 அத்தியாயங்களாக வந்த அமெரிக்கத் தொடர் அது. சுட்டி டிவி அதைத் தமிழில் போட்டது. நிஜ ஜாக்கி சானின் சாயலில் ஒரு தொல்பொருள் ஆராய்ச்சிக்காரர், சான் பிரான்சிஸ்கோவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் சிடுசிடு அங்கிள், ஹொங்கொங்கிலிருந்து வந்து இவர்களோடு ஒட்டிக்கொள்ளும் ஜேட் என்ற சிறுமி. ஷெண்டு என்ற டிராகன் அசுரனை ஒரு காலத்தில் லோ பெய் என்ற மந்திரவாதி கல்லாக்கிவிட, அவனுடைய சக்தி 12 தாயத்துகளாகப் பிரிந்து உலகமெங்கும் சிதறிக் கிடக்கிறது. எட்டு மூலைக் கல், உள்ளங்கைக்குள் அடங்கும். சீன வருடக் கணக்கில் வரும் விலங்குகளில் ஒவ்வொன்று ஒவ்வொரு கல்லில். எருது என்றால் பலம், முயல் என்றால் வேகம், பாம்பு என்றால் கண்ணுக்குத் தெரியாமல் போவது, சேவல் என்றால் மிதப்பது, குதிரை என்றால் காயம் ஆறுவது, நாய் என்றால் சாகாமை. மற்றவற்றை உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள், அவர்களில் ஒருவருக்காவது பாடமாக இருக்கும்.

இனி உங்கள் கேள்வி. நம் பக்கத்துத் தாயத்து எப்படி? எனக்கு எட்டு வயதில் ஒரு தாயத்து மந்திரித்து இடுப்பில் கட்டினார்கள். என் பெயர், என் நட்சத்திரம் கேட்டுத்தான் தகட்டில் கீறினார் பூசாரி. பிறகு தம்பி இரவில் அலறத் தொடங்கியபோது, என்னுடையதைக் கழற்றி அவனுக்குக் கட்டலாமே என்று நான் சொன்னேன். அம்மா தலையில் குட்டினார். அது என்னுடையது, அவனுக்கு வேலை செய்யாதாம். தகட்டுக்கு ஆள் தெரியும்.

ஷெண்டுவின் கல்லுக்கு ஆள் தெரியாது. எடுத்தவன் எவனோ அவனுக்கு வேலை செய்யும். வால்மொண்ட் என்ற கொள்ளைக்காரன் எடுத்தாலும் சரி, கடைக்குள் மிட்டாய் தேடப் போன ஜேட் கையில் தட்டுப்பட்டாலும் சரி. ‘நீ யார், யாருடைய பிள்ளை, எந்தத் தோட்டம்’ என்று அது கேட்பதே இல்லை. திருடனுக்கும் வேலை செய்வதால் அது பயங்கரம் என்கிறீர்கள். அதே காரணத்தால்தான் அது பிள்ளைகளுக்குப் பிடித்தது என்கிறேன் நான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, கூரை மேல் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனில் ஆறு காம்பிராக்காரர்கள் (லயத்தில் ஒரு குடும்பத்துக்குரிய அறைதான் காம்பிரா) காசு சேர்த்து ஒரு டிஷ் வாங்கியிருந்தார்கள். நான் தகரத்தின் மேல் குந்தி, தட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். (சிலர் எதிர்மலை மறைக்கிறது என்று சொல்லி டிஷ்ஷை லயத்துக்கு லயம் மாற்றுவார்கள். நம் ஊரிலிருந்து அந்தச் சாட்டிலைட் கிழக்கில், கொஞ்சம் தெற்கே சாய்ந்து, 70 பாகைக்கும் மேலே நிற்கிறது. எந்த மலையும் மறைக்காது. பனியும் கெடுக்காது. கனமழைதான் கெடுக்கும். ஆனால் திட்டு வாங்குவது எப்போதும் பனிதான்.) கீழே பத்துப் பதினைந்து பிள்ளைகள். ‘வந்திருச்சா?’ என்று நான் கேட்க, ‘வந்திருச்சு, வந்திருச்சு’ என்று கத்துவார்கள். அன்றைக்கு என் கேள்விக்குப் பதிலே வரவில்லை. எட்டிப் பார்த்தால் எல்லோரும் வாய் திறந்தபடி. ஜாக்கி சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார், அதற்குச் சத்தம் இல்லை. ஜேட் தாயத்தைக் கையில் எடுத்ததும் காம்பிராவே இடிந்து விழுகிற மாதிரி ஒரு கூச்சல். பிறகு எத்தனையோ லயங்களில் கவனித்தேன், கூச்சல் எப்போதும் அந்த இடத்தில்தான். பெரியவர்கள் ‘நீ வராதே, வீட்டில் இரு’ என்று விட்டுப்போன ஒரு சிறுமி, கல்லை எடுக்கிறாள், கல் வேலை செய்கிறது. அவ்வளவுதான் காட்சி.

அந்தப் பிள்ளைகளின் அம்மாமார் அந்த நேரம் கொழுந்து நிறுத்துக்கொண்டிருப்பார்கள். தராசும் ஆள் பார்க்காது, முள் நிற்கிற இடத்தில் நிற்கும். முள்ளைப் படிக்கிறவர் பார்ப்பார். என் அம்மா வேலை செய்த தோட்டத்தில் கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். ஈரத்தின் அளவு மழையைப் பொறுத்து இருந்ததை நான் பார்த்ததில்லை. கணக்கப்பிள்ளைக்கு வேண்டியவர்களின் கொழுந்து மழை நாளிலும் காய்ந்தே இருக்கும்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எல் தோரோ ஃபுவெர்ட்டே என்று ஒரு மெக்சிகோ மல்யுத்தக்காரர் வருவார், முகமூடியைக் கழற்றவே மாட்டார். ஊரே அவர் பலத்தைக் கொண்டாடும். எருதுத் தாயத்து அந்த முகமூடியில் இருந்தது. அது போனதும் மனிதர் ஒடுங்கிவிடுவார். பலம் யாருடையது என்று அவருக்கே அப்போதுதான் சந்தேகம் வருகிறது. முகமூடி போடாத எல் தோரோக்களையும் எனக்குத் தெரியும், எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியை: ‘அவதார்’ தொடரில் கட்டாராவின் பாட்டி, நிச்சயித்த கல்யாணம் வேண்டாம் என்று ஊரைவிட்டே ஓடியவர். அந்தக் கல்யாணத்துக்காகக் கட்டிய கழுத்தணியை மட்டும் ஏன் 60 வருடம் வைத்திருந்தார்? வீசியிருக்க வேண்டாமா?

டீச்சர், இந்த மாதத்தின் நல்ல கேள்வி உங்களுடையது. இரண்டு நாள் யோசித்தேன்.

மற்றவர்களுக்கு: ‘அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்’, 2005இலிருந்து 2008 வரை, 61 அத்தியாயங்கள். நீர், நிலம், நெருப்பு, காற்று என்று நான்கு மக்கள். நெருப்பு நாடு மற்றவர்கள்மேல் போர் தொடுத்து நூறு வருடமாகிறது. நான்கு வித்தையும் கைவரக்கூடிய ஒரே ஆள் அவதார். இந்தத் தலைமுறையில் அது ஆங் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். அவனோடு பயணம் போகும் நீர்க்குலத்துச் சிறுமிதான் கட்டாரா. ஜாக்கி சான் தொடருக்கு நேர் எதிரான ஏற்பாடு இது. சக்தி எந்தப் பொருளிலும் இல்லை, உடம்பில் இருக்கிறது. பொருள்கள் வெறும் பொருள்கள். அப்படியிருந்தும் கதை முழுக்க ஆட்கள் பொருள்களைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள், தொலைக்கிறார்கள், அழுகிறார்கள்.

வடக்கு நீர்க்குலத்தில் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை தன் கையால் செதுக்கிய கல்லைப் பெண்ணின் கழுத்துக்குக் கொடுப்பார். பிற்காலத்தில் நீர் வித்தை ஆசானாகும் பக்கு என்பவர் கன்னா என்ற பெண்ணுக்கு அப்படிக் கொடுக்கிறார். கன்னாவுக்கு அந்த ஊர்க் கட்டுப்பாடு பிடிக்கவில்லை. தென்துருவத்துக்கு ஓடிவிடுகிறார். அங்கே வேறொருவரோடு வாழ்ந்து, மகனைப் பெற்று, அந்தக் கழுத்தணி மாமியாரிடமிருந்து மருமகளுக்கும், மருமகள் இறந்த பின் பேத்தி கட்டாராவுக்கும் வருகிறது. கட்டாராவுக்கு அது அம்மாவின் ஞாபகம். பாட்டியின் கதை அவளுக்குத் தெரியாது.

ஏன் வீசவில்லை என்றால், வீசுவது வசதியுள்ளவர்கள் செய்கிற வேலை. ஓடுகிறவள் கையில் கிடைத்ததைக் கொண்டுதான் ஓடுவாள். எங்கள் வீட்டில் ஒரு ஜோடித் தோடு இருந்தது. அப்பா கட்டிய தோடு. இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லாத வருடங்களிலும் அம்மா அதைக் கழற்றியதில்லை, அடகுக் கடைக்குப் போகும் நாட்களைத் தவிர. பள்ளிக்கூடம் திறந்தால் போகும், தீபாவளி அட்வான்ஸ் கிடைத்தால் திரும்பி வரும். நான் ஓ.எல். எழுதியதே அந்தத் தோட்டின் புண்ணியத்தில். அப்பா கட்டியது என்பது அதில் பத்தில் ஒரு பங்குக் கதையாகிவிட்டது. அதன் திருகாணியை அம்மா நூல் சுற்றி இறுக்கியிருப்பார். அந்த நூலின் அழுக்குத்தான் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது, தங்கம் அல்ல. கன்னாவின் கழுத்தணியும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். கொடுத்தவன் ஒருவன், அதைச் சுமந்து அர்த்தம் ஏற்றியவள் வேறொருத்தி.

ஆனால் டீச்சர், எனக்கு இதைவிட உறுத்துவது அதற்குப் பின்னால் நடப்பது. கட்டாரா வடக்கே போய்ப் பக்குவிடம் வித்தை கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்கிறாள். பெண்களுக்குச் சண்டை வித்தை சொல்லித்தருவது எங்கள் வழக்கமில்லை என்கிறார். அவள் விடவில்லை, அவரோடு மோதுகிறாள். நன்றாகவே மோதுகிறாள், அவரே அதை ஒத்துக்கொள்கிறார். ஒத்துக்கொண்டும் மாட்டேன் என்கிறார். சண்டையில் கழுத்தணி அறுந்து விழுகிறது. அதைப் பார்க்கிறார். இது நான் செதுக்கியதாயிற்றே! அடுத்த நாள் காலையில் கட்டாரா வகுப்பில் நிற்கிறாள்.

கதைக்காரர்கள் அதை மனமாற்றமாகக் காட்டுகிறார்கள். கன்னா தன்னைவிட்டு ஏன் போனாள் என்று கிழவனுக்கு அப்போதுதான் உறைத்தது என்று. இருக்கலாம். எனக்கென்னவோ அந்த இடம் அரசாங்க ஒஃபிஸ் கவுண்டர் மாதிரியே தெரிகிறது. வரிசையில் நின்று, எல்லாப் பேப்பரும் சரியாக வைத்துக் கேட்டால் முடியாது. ‘நீங்கள் இன்னாருடைய பேத்தியா? முன்னமே சொல்லியிருக்கலாமே!’ உடனே முடியும். திறமைக்கு வளையாத விதி, தெரிந்த ஆளின் கழுத்தணிக்கு வளைகிறது. அதே ஊரில் கழுத்தணி இல்லாத நல்ல மாணவி ஒருத்தி கேட்டிருந்தால்? உங்கள் வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

பதுளையிலிருந்து ஒருவர்: சம்பளப் பிரச்சினை, காணிப் பிரச்சினை இருக்க, பொம்மைப் படத்துக்கு ஒரு பக்கமா?

ஒரு பக்கம் அல்ல ஐயா, இந்த மாதம் நான்கு பக்கம். சம்பளமும் காணியும் முன்பக்கங்களில் இருக்கின்றன, அவற்றை என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் நேராகக் கடைசிப் பக்கத்துக்கு வந்ததற்கு நான் பொறுப்பில்லை.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு வாசகர்: அதே ‘அவதார்’ கடைசியில், அசூலாவுக்குத் தகப்பன் நெருப்பு நாட்டின் ஆட்சியையே கொடுக்கிறான். ஆசைப்பட்டது கிடைத்ததும் அவளுக்கு ஏன் பைத்தியம் பிடிக்கிறது?

கொடுத்தது காலி டப்பா என்பதால்.

தகப்பன் ஓசாய் என்ன செய்கிறான் பாருங்கள். ‘இனி நெருப்பு வேந்தர் நீதான்’ என்று மகளிடம் சொல்கிறான். அவள் முகம் மலரும் அதே நொடியில், தனக்கு ‘பீனிக்ஸ் மன்னன்’ என்று புதிதாக ஒரு பட்டம் கட்டிக்கொள்கிறான், உலகத்துக்கே அதிபதியாம். நேற்றுவரை உச்சியில் இருந்த நாற்காலி, அவன் எழுந்ததும் ஒரு படி கீழே போய்விட்டது. நம் பக்கத்திலும் சில பதவிகளை இப்படித்தான் கொடுப்பார்கள். பொன்னாடை போர்த்தி, மாலை போட்டு, படம் பிடித்து. மறுநாள் போய்ப் பார்த்தால் சாவி வேறொருவர் இடுப்பில்.

அசூலா மக்கு இல்லை, அவளுக்கு அது புரிந்துவிட்டது. பழத்தில் ஒரு கொட்டை இருந்ததற்காக வேலைக்காரியை நாடு கடத்துகிறாள். பிறகு காவல்காரர்களை, பிறகு தனக்கு ஆலோசனை சொல்லும் கிழவிகளில் ஒருத்தியை. முடிசூட்டு விழாவுக்கு ஆள் இல்லை. கண்ணாடி முன் தலைமுடி அடங்காமல் தானே கத்தரித்துக்கொள்கிறாள். சுடர் வடிவப் பொன்னணி பக்கத்தில் இருக்கிறது, அதைக் கண்டு எழுந்து நிற்க ஒரு ஜீவன் இல்லை.

பொருளின் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதை நான் ஒருமுறை கண்ணால் கண்டேன். டிக்கோயாப் பக்கம் ஒரு வீட்டில் டிஷ் பூட்டப் போனேன். அந்தக் காலத்துப் பெரிய கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வந்து அவர்களை மேய்த்தவர்) பரம்பரை. கோட்டு, தலைப்பாகை, கைத்தடி என்று வாழ்ந்த குடும்பம், இப்போது மகன் கொழும்பில் கடையில் நிற்கிறார். கேபிளைக் கூரைக்கு மேல் தள்ள ஒரு கம்பு கேட்டேன். துணிக் கயிற்றுக்கு முட்டுக்கொடுத்திருந்த தடியை உருவிக் கொடுத்தார் வீட்டு அம்மா. தலையில் வெள்ளிப் பூண், பாதி கறுத்துப்போய். தாத்தாவின் தடி. நான் அதன் நுனியில் கேபிளைக் கட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு லயத்தைச் சுற்றி வந்தேன். எதிர் லயத்து வாசலில் ஒரு முதியவர், எண்பதுக்கு மேல் இருக்கும், வெயில் காய்ந்துகொண்டிருந்தார். தடியைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். என்னை யார் என்றே அவருக்குத் தெரியாது. பிறகு கேபிளைக் கண்டுவிட்டு, துண்டை மறுபடி தோளில் போட்டு, காறித் துப்பினார்.

நோர்வூட்டிலிருந்து ஒரு வாசகர்: ‘அவதார்’ தொடரில் ஓசாயின் அண்ணன் ஐரோ மாமா தொலைந்துபோன ஒரு தாமரை வில்லைக்காகக் கப்பலையே திருப்பச் சொல்வதும், கடைசியில் அது அவர் சட்டைக் கைக்குள்ளேயே இருப்பதும் வெறும் சிரிப்புக்காகவா?

முதல் பருவத்தில் சிரிப்புக்குத்தான். பாய் ஷோ என்ற ஆட்டத்துக் காய் அது, வெள்ளைத் தாமரை போட்ட வட்ட வில்லை. பலருக்கு இந்தக் காய் ஒரு பொருட்டே இல்லை என்று அவரே சொல்வார். இரண்டாம் பருவத்தில் பாலைவனத்து ஊரில் ஒரு கிழவனுக்கு எதிரே உட்கார்ந்து அந்தக் காயை நடுவில் வைப்பார். மற்றவர் ஒரு காய் வைப்பார், இவர் ஒரு காய். பலகையில் தாமரை விரியும். அது ஓர் இரகசியக் கூட்டத்தின் அடையாளம், நாடு பார்க்காமல் நான்கு பக்கத்து ஆட்களும் சேர்ந்த கூட்டம். தெரியாதவனுக்கு அது பத்துக் காசு பெறாது. தெரிந்தவனுக்கு ஒளிய இடமும் தப்பிப் போகக் கடவுச்சீட்டும் அதுவே.

அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு வில்லை ஞாபகம் வரும். எங்கள் பாட்டியின் தகரப்பெட்டியில், வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவுக்குள் இருந்தது. காசளவு, விளிம்பு துருப்பிடித்து மடங்கியிருந்தது. மேலே ஒரு துளை. நடுவில் ஓர் எழுத்தும் சில இலக்கமும் அடித்திருந்தார்கள். பாட்டியின் அம்மா இந்தியாவிலிருந்து வந்தபோது கயிற்றில் கோத்துக் கட்டியதாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆள் கட்டிக்கொண்டு வரப்போகும் கங்காணியிடம் தோட்டம் இந்தத் தகர வில்லைகளைக் கொடுத்தனுப்பும். ஆளுக்கு ஒன்று. வில்லை கையில் இருந்தால் வழிச்செலவு கேட்கமாட்டார்கள், அது தோட்டத்தின் கணக்கில் ஏறும். சின்ன வயதில் அந்த இலக்கம் பூட்டியின் இலக்கம் என்று நினைத்திருந்தேன். இல்லை, அது தோட்டத்தின் இலக்கம். மூட்டையின் மேல் விலாசம் எழுதுகிற மாதிரி, போய்ச் சேர வேண்டிய இடம். ஐரோ வில்லையை எடுத்து வைத்தால் ‘நான் யார்’ என்று அது சொல்லும். பூட்டியின் வில்லை ‘இவள் யாருடையவள்’ என்று மட்டும் சொல்லும்.

வந்து சேர்ந்த பிறகு இன்னொரு பொருள். கங்காணிக்குக் கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு. அந்தத் துண்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். பிறகு 1948 வந்தது, எங்கள் ஆட்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, இன்னும் வேறு பேப்பர்கள் வந்தன, அந்தக் கதை உங்கள் வீட்டிலும் இருக்கும். எங்கள் பாட்டி தேர்தலுக்குப் போகும்போது அடையாள அட்டையைச் சேலைத் தலைப்பில் மூன்று முடிச்சுப் போட்டு முடிந்துகொண்டு போவார். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்வரை அந்த அலுவலரின் விரலையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்தத் தகர வில்லை இப்போது எங்கே என்று கேட்காதீர்கள். ‘ஜாக்கி சான்’ காலத்தில் என் அக்கா மகன் அதை எடுத்து, நூல் கோத்து, ‘எருதுத் தாயத்து’ என்று கழுத்தில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனான். திரும்பி வந்தான், வில்லை வரவில்லை.

லிந்துலையிலிருந்து ஒரு தாயார்: என் மகன் பிஸ்கட் பெட்டி அட்டையில் 12 தாயத்தும் வெட்டி வைத்திருக்கிறான். எல்லாவற்றையும் தானே போட்டுக்கொண்டு விளையாடப் போகிறான். பக்கத்துக் காம்பிராப் பிள்ளைகள் இவனைச் சேர்த்துக்கொள்வதில்லை. அட்டையை அடுப்பில் போட்டுவிடவா?

அடுப்பில் போடாதீர்கள் அம்மா, பன்னிரண்டையும் வெட்ட எவ்வளவு பாடுபட்டிருப்பான். அதிலும் எட்டு மூலை!

‘அவதார்’ கதையில் இது அப்படியே வருகிறது. ஆங் சின்னப் பிள்ளையாக இருந்தபோது துறவிகள் அவன் முன் ஆயிரக்கணக்கான விளையாட்டுச் சாமான்களைப் பரப்பி எடுக்கச் சொன்னார்கள். அவன் நான்கை எடுத்தான். அந்த நான்கும் முந்திய அவதாரங்களின் சாமான்கள். அவனுக்கு அது பிடித்த பொம்மை, பெரியவர்களுக்கோ அது சாட்சி. அவன்தான் அவதார் என்று ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து கூட்டாளிகள் அவனை விளையாட்டில் சேர்க்கவில்லை. அவன் எந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பக்கம் ஜெயிக்கும், அது நியாயமில்லை என்றார்கள். எனக்கு அந்தத் தொடரில் மிகவும் வருத்தமான இடம் அதுதான், போர்கூட இல்லை. பிள்ளைகள் சொன்னதிலும் பிழை இல்லை.

உங்கள் மகனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ஷெண்டு பன்னிரண்டும் தனக்கே வேண்டும் என்று நிற்கிறவன், அதனால்தான் அவன் வில்லன். அவனுக்குக் கூட்டாளி யாராவது இருந்தார்களா? பிறகு அட்டையைக் கவிழ்த்து வைத்து, ஆளுக்கு ஒன்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்லுங்கள். எருது கிடைத்தவனுக்கு எருது, ஆடு கிடைத்தவனுக்கு ஆடு. ஆட்டுத் தாயத்துக் கிடைத்தவன் ஆவி உலவப் போகிறேன் என்று படுத்துத் தூங்கிவிடுவான், உங்களுக்கும் ஒரு சத்தம் குறையும்.

நானுஓயாவிலிருந்து, ‘எனக்கு வயது 9’ என்று தொடங்கும் கடிதம்: எலித் தாயத்துக் கிடைத்தால் நீங்கள் எதுக்கு உயிர் கொடுப்பீங்க மாமா?

நல்ல கையெழுத்து, மருமகளே. ‘உயிர்’ என்ற சொல்லின் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாய்.

எலித் தாயத்து அசையாத பொருளை அசைய வைக்கும் என்று உனக்குத் தெரியும். நாங்கள் பூட்டப்போன ஒரு லயத்தில் இதே கேள்விக்குப் பெரிய சண்டையே நடந்தது. ஒருவன், வளைவில் நின்றுபோன பஸ்ஸுக்கு என்றான். அது டீசல் இல்லாமல் நின்ற பஸ், தாயத்து வேலை செய்யாது என்று இன்னொருவன். பிறகு எல்லோரும் சேர்ந்து மலைக்கோயில் குதிரைக்கு என்று முடிவு செய்தார்கள். முனியாண்டி சாமிக்குப் பக்கத்தில் சீமெந்துக் குதிரை, ஒரு கால் தூக்கியபடி, வருடா வருடம் வெள்ளைப் பெயின்ட் அடிப்பார்கள். அதன் நெற்றியில் கல்லை வைத்தால் போதும்.

ஓரத்தில் இருந்த ஒரு குட்டிப் பெண் மட்டும் வேண்டவே வேண்டாம் என்றாள். குதிரைக்கு உயிர் வந்தால் அது போய்விடுமாம். அது போனால் சாமியும் அதிலே ஏறிப் போய்விடுமாம். அப்படியென்றால் இவ்வளவு நாளும் சாமி போகாமல் இருந்தது குதிரை ஓடாததால்தானா என்று ஒருவன் கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை, நான் கூரைக்கு ஏறிவிட்டேன்.

நான் எதற்குக் கொடுப்பேன் என்றால், என் பழைய ஏணிக்கு. ஒரு நாளாவது அது தானாக மேல் டிவிஷன் வரை நடந்து போகட்டும், நான் வெறுங்கையோடு பின்னால் வருகிறேன்.